முகப்பு விளக்கும் ஒரு டேங்க் டீசலும்

எங்கள் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று என் மனைவி முடிவெடுத்தது ஒரு மத்தியான நேரத்தில். மேட்டுப்பாளையம் மார்க்கெட்டில் கேரட் மூட்டைகளை இறக்கிவிட்டு, அரவேணுவில் இருக்கும் வீட்டுக்கு மலையேறிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் மேகம் இறங்கிவிட்டது. முகப்பு விளக்கைப் போட்டேன். போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வளைவில் திடீரென்று பஸ் ஒன்று எதிரே முளைத்தது. ஒடித்துத் திருப்பித் தப்பித்தோம். அதன்பிறகு வீடு வரும்வரை அவள் முன்னால் இருந்த கம்பியை விடவேயில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "ஏனுங்க, வண்டிய வித்துப்போடலாமுங்க. டீசல் கண்டமேனிக்குக் குடிக்குது. லைட்டும் செரியில்ல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இந்தப் பழைய பிக்கப்பைக் குறை சொன்னால் என்னையே சொன்ன மாதிரி இருக்கும். "என்ற வண்டிக்கு என்ன கேடு?" என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. வாங்க ஆளையே பிடித்துவிட்டாள், மேட்டுப்பாளையத்துக் காய்கறி வியாபாரி ஒருவர். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. நான் உறுமிக்கொண்டே திரிந்ததைப் பார்த்து மனமிரங்கி ஒரு வழியும் வைத்தாள். அதற்குள் விளக்கு பளிச்சென்று ஆக வேண்டும், லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வண்டி கைமாறும்.

பல்பை மாற்றிப் பார்த்தேன், பிரயோசனமில்லை. கோளாறு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியில். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு அது மோர் ஊற்றியதுபோல் மங்கிப் போயிருந்தது. பற்பசை தேய்த்தால் போதும் என்றார்கள். தேய்த்தேன். வண்டி ஒருநாள் முழுக்கப் புதினா வாசம் அடித்தது, மறுநாள் மழையில் பழைய முகத்துக்கே திரும்பிவிட்டது.

பிறகுதான் குன்னூர் போய், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை முரட்டு ரகத்திலிருந்து நைஸ் ரகம் வரைக்கும் வாங்கி வந்தேன். விளக்கைச் சுற்றிப் பெயின்ட் கீறாமல் டேப் ஒட்டிவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். முரட்டுத்தாள் பட்டதும் மூடி முன்னைவிட மோசமாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டீ கொண்டு வந்தாள்.

"கொஞ்சமாச்சும் தெரிஞ்ச கண்ணையும் குருடாக்கிட்டீங்களே!"

"பொறுத்துப் பாரு புள்ள," என்றேன். உள்ளுக்குள் எனக்கும் அதே சந்தேகம்தான்.

டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அடுத்த தாளை எடுத்தபோது புடவையைச் செருகிக்கொண்டு இன்னொரு விளக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். விற்கத் துடிக்கிறவள் எதற்குத் தேய்க்கிறாள் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். போட்டி போட்டுத் தேய்த்தோம். நைஸ் தாள், பாலிஷ், கடைசியில் மேல்பூச்சு. விளக்கைப் போட்டதும் எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் அறைந்தாற்போல் விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் தேய்த்த விளக்குத்தான் ஒரு பிடி அதிகம் பளபளத்தது, அதையும் அவளே சொல்லிக் காட்டினாள்.

இனி டீசல். டேங்கை வாய்வரை நிரப்பி, கிலோமீட்டரைப் பார்த்துக்கொண்டு, லோடு அடித்துவிட்டு வந்து மறுபடி வாய்வரை நிரப்பினால் கணக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊர்ப் பங்க்கிலேயே முதலில் நிரப்பினோம். சனிக்கிழமை திரும்பி வந்து பார்த்தால் கீழ்ப்பக்கம் நீளமாக வரிசை. எனக்கா பொறுமை? மேலே போய்த் திருப்பிக்கொண்டு வந்து, காலியாக இருந்த மேல்பக்கத்தில் நிறுத்தி நிரப்பினேன். டீசல் போய்க்கொண்டே இருந்தது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு ஒன்பது!

மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே ஒன்பது. வீட்டுக்குப் புறப்பட்டோம்.

வழியில் மேகம் இறங்கியது. விளக்கைப் போட்டேன். ரோட்டோர வெள்ளைக்கோடு தெரிந்தது, வளைவின் தடுப்புக் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் ரோட்டின் நடுவே நாலு வெள்ளைக் கால்கள். காட்டெருமை! நிதானமாகவே நிறுத்த முடிந்தது. அது எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கம்பியைப் பிடிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"ஏனுங்க, போன தடவ டீசல் போடறப்ப முன்னால வெச்சிருந்த இந்தத் தண்ணி பாட்டல் என்ற மடியில வந்து உழுந்துச்சு. இன்னிக்கு முன்கண்ணாடிப் பக்கமா ஓடிப்போச்சு."

"அதுக்கென்ன இப்போ?"

"பங்க்கே சரிவுலதான இருக்குது? அன்னிக்கு வண்டி மேல பாத்து நின்னுச்சு. இன்னிக்குக் கீழ பாத்து நின்னுச்சு."

பாட்டிலைச் சாய்த்துக் காட்டினாள். எங்கள் டேங்கின் வாய் பின்கோடியில் இருக்கிறது. வண்டி மேலே பார்த்து நின்றால் வாய் தாழ்ந்து, டேங்க் நிறைவதற்குள் டீசல் வாய்க்கு வந்துவிடும். கீழே பார்த்து நின்றால் வாய் உயர்ந்து, கூடுதலாகப் பிடிக்கும். அன்றைக்குக் குறைத்து ஊற்றியதையும் சேர்த்து இன்றைக்கு ஊற்றிவிட்டு, வண்டி குடித்ததாக எழுதிவிட்டோம். சமதரையே இல்லாத ஊரில் இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் எனக்கு இது உறைக்கவில்லை.

நான் திறந்த வாயை மூடுவதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். "அண்ணா, நாளைக்கு வர வேண்டாமுங்க. வண்டி குடுக்கறதா இல்லீங்க."

அடுத்த வாரம் ஒரே பக்கம் பார்த்து நிறுத்தி அளந்தபோது பதினொன்றைத் தாண்டியது வேறு விஷயம். அந்த நிமிஷம் அந்த எண் எங்கள் இருவருக்குமே தெரியாது.

"இன்னும் அளந்தே பாக்கல, அதுக்குள்ள வேண்டாம்னுட்ட?" என்றேன்.

அவள் காட்டெருமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க தெனமும் இந்த ரோட்டுல வாறீங்க. எனக்குப் பயம் டீசலப் பாத்துங்களா?"

காட்டெருமை ஒருவழியாகத் தேயிலைக்குள் இறங்கி வழிவிட்டது. நான் வண்டியைக் கிளப்பினேன்.