கிட்டங்கி ஆவுடைநாயகம்

“இன்னும் ஒரு சாண் இறக்கும் வே. அங்கன இல்ல, இங்கன.”

ஆவுடைநாயகம் அண்ணாச்சி படங்களை எப்போதும் தாழ்வாகத்தான் மாட்டச் சொல்வார். ஊர்ப் பெண்கள் பாயில் உட்கார்ந்துதான் படம் பார்க்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க இதென்ன தேரா என்பது அவர் கட்சி. வெளியூர் ஓவியர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி படத்துக்கு நேராகச் சம்மணம் போட்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

ஆழ்வார்குறிச்சியில் அவருடைய அரிசி ஆலை நின்றுபோன பிறகு, நெல் மூட்டை அடுக்கியிருந்த கிட்டங்கியை வெள்ளையடித்து ஓவியக்கூடம் ஆக்கினார். மே மாதத்துச் சனிக்கிழமை மாலைகளில் வெளியூரிலிருந்து ஓர் ஓவியர் வருவார். ஊர் வந்து உட்காரும். வந்தவரிடம் அண்ணாச்சி கலை பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். “மொதல்ல சொதியும் இஞ்சித் தொவையலும் சாப்பிடும். வெறும் வயித்துல பேசினா பொய்தான் வரும்.” படம் புரியவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். “பைய பாரும் வே. நம்ம வீட்டுக்காரி மொகத்தையே நாம இன்னும் முழுசாப் பாத்து முடிக்கல.”

இந்த வருடம் கடைசிச் சனிக்கிழமையை நிறுத்திவிடும்படி எல்லோரும் சொன்னோம். திங்கட்கிழமை மதுரையில் அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை. சொன்ன பேச்சைக் கேட்கிற ஜென்மமா அது? “வாரேன்னு சொன்ன பிள்ளைய வராதேன்னு சொல்லவா?” என்று என் மேலேயே பாய்ந்தார். அவர் மனைவி சொர்ணாம்பாள் மதினி அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார். கொட்டியதெல்லாம் என்னிடம்தான். “திங்கக்கெழம நெஞ்சப் பொளக்கப் போறாக. சனிக்கெழம இவுகளுக்குக் கூத்து கேக்குது. பயமே கெடையாதா இந்த மனுசனுக்கு?” எனக்கும் அதே கோபம்தான்.

சென்னையிலிருந்து வந்த அர்வா இளவயது ஓவியர். கூட்டத்தின் நடுவே அண்ணாச்சியை முக்காலியில் உட்காரவைத்துக் கரித்துண்டால் அவர் முகத்தை வரைந்தார். அசையக் கூடாது என்றதும் அண்ணாச்சி வாய்மூடி இருந்தார். அதற்கே கூட்டம் கைதட்டியது. படம் பிரமாதம். உடனே சட்டத்தில் பொருத்திச் சுவரில் மாட்டினார்கள்.

வந்தவர்களுக்கு மரியாதை செய்வது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அம்பலவாணன் பொறுப்பு. ரோஜா மாலையோடு முன்னால் வந்தார். “எனக்கெதுக்கு சார், கையெல்லாம் கரி. படத்துக்கே போடுங்க” என்று அர்வா சிரித்தார். பள்ளிக்கூடத்தில் வருடம் தவறாமல் தலைவர்கள் படத்துக்கு மாலை போட்டுப் பழகிய கை அல்லவா? யோசிக்காமல் போட்டுவிட்டது.

சுவரில் மாலையோடு அண்ணாச்சி. எதிரே முக்காலியில் அண்ணாச்சி.

“ஐயையோ, என்ன காரியம் செஞ்சுட்டேன்!” என்று அம்பலவாணன் வாயில் அடித்துக்கொண்டார். சுக்குக் காப்பித் தட்டோடு உள்ளே வந்த மதினி அதைப் பார்த்துவிட்டார். அண்ணாச்சி ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, மாலையையே பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். அவர் கைகள் முக்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. பாவி மனுஷா, இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா இத்தனை வாய் பேசினீர்? என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மதினி தட்டை என் கையில் திணித்தார். படத்திலிருந்து மாலையைக் கழற்றிக்கொண்டு நேராக அவரிடம் போனார். அண்ணாச்சி எழுந்து நின்றார். ஆறடி ஆளின் தோளுக்குக் கீழேதான் மதினி. மாலையைத் தூக்கினார், எட்டவில்லை.

“குனியுங்க” என்றார்.

அண்ணாச்சி குனிந்தார். மாலை கழுத்தில் விழுந்த பிறகும் நிமிரவில்லை.