இது எழுத்தில்லையாம்

சி மொழியில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிற பாவப்பட்ட சனமே, எங்கட தொழிலில் நாள் முழுக்க எங்களோட கதைக்கிறது, எழுதினதைச் சரிபார்க்கிற கம்பைலர் ஒண்டுதான். அதுவும் பிழை சொல்லத்தான் வாய் திறக்கும்.

ஆறு குறிகள்

வெளிநாட்டில், நோபல் பார்க் எண்ட இடத்தில் ஒற்றை அறையில் இருந்து, முதியோர் இல்ல வாசலில் நிக்கிற மெஷினுக்கு நான் புரோகிராம் எழுதுறன். பார்க்க வாற ஆக்கள் அதில் பேரை அடிக்கவேணும். அடிச்சது எழுத்தா எண்டு பார்க்க, பெரிய A முதல் சின்ன z வரைக்கும் ஒரே வீச்சில் விட்டிட்டன். பெரிய Zக்கும் சின்ன aக்கும் நடுவில் அடிக்கோடு மாதிரி ஆறு குறிகள் ஒளிச்சிருக்கிறது உங்களுக்குத் தெரியும், எனக்கு மறந்துபோச்சு. ஆரோ ஒரு குறும்பன் வெறும் அடிக்கோடுகளைப் பேராய் அடிச்சு உள்ள போயிட்டான். என்ர மேலாளர் கார்த்திக், சென்னைக்காரர், ஃபோனில் விழுந்து விழுந்து சிரிச்சார். அந்தக் கிழமை முழுக்க நான் கேட்ட மனுசக் குரல் அது ஒண்டுதான்.

"ஏன் பாஸ், எழுத்தான்னு பார்க்க isalphaன்னு ஒண்ணு ரெடிமேடா இருக்கே, அதுகூட ஞாபகம் வரலையா?"

பன்னிரண்டாம் அறை

சரியெண்டு isalphaவைப் போட்டன். அதுவும் இங்கிலீஷ் எழுத்தைத் தவிர வேறொண்டையும் மதிக்காது. கிரெய்கிபர்ன் முதியோர் இல்லத்திலிருந்து, மெஷினில் இருந்த நம்பரைப் பார்த்து, செல்லத்துரை அங்கிள் எண்டு ஒருவர் ஃபோன் எடுத்தார். அவற்ற மனுசி பரமேஸ் அன்ரி அங்க பன்னிரண்டாம் அறையில் இருக்கிறா. மறதி வருத்தத்தில் இங்கிலீஷ் முழுக்க மறந்துபோச்சாம். கட்டிலடித் திரையில் வாற பேரை வாசிச்சு அவ தலையாட்டினால்தான் ஆளை உள்ள விடுவினம். இங்கிலீஷில் அடிச்சால் ஆரெண்டு தெரியாது எண்டுறா. தமிழில் அடிச்சால் 'எழுத்துகள் மட்டும்' எண்டு மெஷின் தள்ளுது. அங்க மெஷின் வைச்ச நாள் தொட்டு, மூண்டு நாளாய், மனுசன் வாசலோட திரும்பியிருக்கிறார்.

"தம்பி, நான் எழுதினது எழுத்தில்லையாம். அப்ப கலியாணத்துக்கு முதல் அவவுக்கு நான் கடிதத்தில என்னத்தை எழுதினனான்?"

சோதனை

தமிழையும் எழுத்தெண்டு ஏற்கிற மாதிரி எல்லாத்தையும் திருத்திப்போட்டு, சரிவருதோ எண்டு பார்க்க நானே காரெடுத்துப் போனன். அங்கிள் தன்ர பேரை அடிச்சார். அன்ரி தலையாட்டினா. அவர் செருப்பு கழரக் கழர ஓடினார். பிறகு, சும்மா சோதனைக்கெண்டு, என்ர பேரையும் தமிழில் அடிச்சன். அன்ரி என்னை முன்னப்பின்னக் கண்டதில்லை. எண்டாலும் கதவு திறந்துது. படிக்கவெண்டு வந்த நாள் தொட்டு இந்த நாட்டில் என்னை ஒருத்தரும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அவ வாய் திறந்ததும் நான் அழுதிட்டன், எனக்கு வெக்கமில்லை.

"வாங்கோ சுதாகர் தம்பி, உந்தக் கதிரையில இருங்கோ. ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?"

அந்தப் பிழை இன்னும் முழுசாய்த் திருந்தேல்லை எண்டு கார்த்திக்குக்குச் சொல்லிப்போட்டு, ஞாயிறு தவறாமல் நான் கிரெய்கிபர்னுக்குச் சோதிக்கப் போறன்.