தங்கையிடம் பேசிய குரல்

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாயை மூடவே மாட்டாள். அந்த வாய்தான் வேலையும் வாங்கித் தந்தது. சலவை இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியில், புகார் சொல்ல போன் பண்ணுகிறவர்களிடம் பேசும் வேலை. தண்ணீர் இறங்கவில்லை, கதவு திறக்கவில்லை என்று கொதித்துக்கொண்டு வருகிறவர்களை அவள் குரல் பாதி ஆற்றிவிடும்; மீதியை மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

ஒரு சமயம் மேலாளர் அவளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, பக்கம் பக்கமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். காத்திருக்கச் சொல்லும் அறிவிப்புக்காக இருக்கும் என்று நினைத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் அவள் குரலிலேயே ஒரு கணினி போனை எடுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிடிபடாத புகார்கள் மட்டும் அவளிடம் வந்தன. வந்தவர்களோ, இப்போதுதானே உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மறுபடியும் முதலிலிருந்து கேட்கிறீர்களே என்று எரிந்து விழுந்தார்கள். அது நான் இல்லை என்றால் யாரும் நம்பவில்லை. போகப்போக அவளுக்கே லேசாகச் சந்தேகம் வந்தது, காலையில் பேசியது தான்தானோ என்று.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் தங்கை வந்து நின்றாள்.

இரண்டு பேருக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்கு ஆகியிருந்தது. அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, அதே ஊரில் இருந்த தங்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே கை கால் உதறும் என்று பிறகு ஆள் விட்டுச் சொன்னாள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவள் இப்போது பை நிறையப் பழத்தோடு வந்து கட்டிப்பிடித்து அழுதாள். அக்கா கணவரிடம் நலம் விசாரித்தாள். உரிமையோடு சமையலறைக்குள் போய் டீ போட்டாள். அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

டீ குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தங்கை வீட்டுச் சலவை இயந்திரம் நின்றுபோயிருக்கிறது. போன் பண்ணியிருக்கிறாள். எடுத்தது அக்காவின் குரல். கேட்டதும் போன் பண்ணிய காரணம் மறந்துபோய், மனதில் இருந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறாள்.

"நீ திட்டுவன்னுதான் நினைச்சேன். நீ என்னடான்னா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது, கவலைப்படாதீங்கன்னு சொன்ன. ஆபீஸ்ல இருக்கிறதால மரியாதையா பேசுறன்னு நினைச்சுக்கிட்டேன்."

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமலே விட்டுவிடலாமா? உறவு தானாக வீடு தேடி வந்திருக்கிறது. ஆனால் மன்னித்தது அவள் இல்லையே. மனசு கேட்காமல், போனில் பேசியது கணினி என்று சொல்லிவிட்டாள்.

தங்கை டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப நீ இன்னும் கோவமாத்தான் இருக்கியா?" என்றாள்.

அக்கா உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். வாசலில் தங்கையைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது.

"தெரியலடி. நிஜமாவே தெரியல."

"நான் போகட்டுமா?"

"அதுவும் தெரியல. உக்காரு."

போனில் சொன்னதைத் தன்னிடம் ஒருமுறை சொல்லும்படி அக்கா கேட்டாள். தங்கை ஆரம்பித்துப் பார்த்தாள். உன் முகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தங்கை பாதி சொல்வதற்குள் அக்கா குறுக்கே பேச, பழைய சண்டை மறுபடி மூண்டது. கணவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். இருட்டும்வரை இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள், அழுதார்கள். நடுவில் பழத்தை நறுக்கித் தின்றார்கள்.

சமாதானம் ஆகிவிட்டதா என்று கணவர் கேட்டால் அக்காவுக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. அழுததில் தங்கை முகவரியே சொல்லவில்லை, அதனால் அந்தப் புகார் பதிவாகவில்லை. மறுபடி போன் பண்ணவும் தங்கைக்கு மனசு வரவில்லை. வாரா வாரம் அழுக்குத் துணியை மூட்டை கட்டி அக்கா வீட்டுக்கே எடுத்து வருகிறாள்.