டிரிப் குழாயின் சக்கரம்

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் அல்ல. மீன்காரனின் தராசைக்கூடக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மீன் வாங்குவேன். ஈப்போ ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் என் கணவரின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதும் அதே கண்தான்.

ஆயர் தாவாரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும்போது அவர் காலில் முள் ஏறியது. ஊசியால் நோண்டி எடுத்து மஞ்சள் பற்றுப் போட்டோம். நாலாம் நாள் கால் வீங்கி, உடம்பு நடுங்கி, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், ரத்தத்தில் கிருமி பரவி பிரஷர் இறங்கிவிட்டது என்று சொல்லி, பை பையாகத் தண்ணீர் ஏற்றினார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. நாங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். எங்கள் லயத்து வீடுகளில் யார் சுருண்டு விழுந்தாலும் தோட்டத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் தண்ணி ஏற்றுவார்கள், ஆள் எழுந்து நடந்து வரும்.

மூன்றாவது பை பாதியில் இருந்தபோது டாக்டர் வந்தார். நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. குழாயிலிருந்த சக்கரத்தை உருட்டிச் சொட்டைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன மிஷினை மாட்டினார்.

"ஏன் டாக்டர் கொறைக்கிறீங்க? அவரு இன்னும் கண்ணே தொறக்கலையே."

"தண்ணி போதும்க்கா. இன்னும் போனா நுரையீரல்ல தேங்கிடும். இனிமே இந்த மிஷின்ல போற மருந்துதான் பிரஷர ஏத்தும்."

தலையாட்டினேன். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. என் அப்பாவுக்கும் இப்படித்தான் சொட்டைக் குறைத்தார்கள், சாயங்காலம் உயிர் போய், கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடினார்கள். இவரையும் கைகழுவிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கூட நின்ற மலாய் நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் போய், அவளும் அடுத்த கட்டிலுக்குத் திரும்பியதும் எழுந்துபோய்ச் சக்கரத்தை முழுதாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் சொட்டாமல் கோடாக ஓடியது. ஒன்றும் தெரியாதவள்போல் வந்து உட்கார்ந்தேன்.

பை காலியாவதற்குள் அவர் இருமத் தொடங்கினார். மூச்சு உலைப்பானைபோலக் களகளத்தது, உதடு நீலமானது. டாக்டர் ஓடி வந்து குழாயை அடைத்தார். யார் திறந்தது என்று நர்ஸிடம் மலாயில் கத்தினார். "சாயா தா சென்து, டாக்டர்," தான் தொடவில்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அந்த நர்ஸுதான் ஏதோ பண்ணிச்சு," என்று என் வாய் சொல்லிவிட்டது. விரலும் நீண்டது. அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விரல் புரிந்தது. நிறைந்த கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல் என் கணவரின் தலையை உயர்த்தி, ஆக்ஸிஜன் முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு வெட்கத்தில் உடம்பு எரிந்தது.

"நான்தான் டாக்டர். நான்தான் தொறந்தேன்."

யாரும் திட்டவில்லை. என் நாற்காலியை மட்டும் கால்மாட்டுக்கு நகர்த்திப் போட்டார்கள். வேறு வார்டில் இடம் கிடைக்கும்வரை இரண்டு நாள் அங்கே இருந்தோம். அந்த நர்ஸ் வரும்போதெல்லாம் முதலில் என் கைகளைப் பார்ப்பாள், பிறகுதான் குழாயைப் பார்ப்பாள். நான் கைகளை மடியில் கோத்து வைத்துக்கொள்வேன்.

அவர் பிழைத்துவிட்டார். கொஞ்சம் நொண்டுகிறார், அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "தண்ணி ஏத்தித்தான் என்னைக் காப்பாத்துனாங்க. இவதான் பக்கத்துலயே ஒக்காந்து காவல் காத்தா," என்பார்.

நான் டீ போட உள்ளே போய்விடுவேன்.