நீலக் கரை போட்ட தாமரை

வெண்கலத் தட்டில் பாசியைக் கொட்டினால் ஒரு சத்தம் வரும். தீப்பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் குச்சிகள் சலசலக்குமே, ஏறக்குறைய அதே சத்தம்தான், கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். கோத்துக் கழுத்தில் போடுகிற சின்னக் கண்ணாடி மணிகளைத்தான் எங்கள் பக்கம் ‘பாசி’ என்போம். அதிலும் கடுகளவு இருப்பது ‘கடுகுப் பாசி’. அந்தக் கடுகுப் பாசியில், எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, நானும் செல்லம்மா அக்காவும் சேர்ந்து ஒரு பூச் செய்தோம். பிள்ளைகளே, அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் அப்பாவுக்கு மிஷின் வேலை. கம்பெனியில் கழித்துப் போட்ட தாள்களை அவர் சுருட்டிக்கொண்டு வருவார். எங்கள் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை அதுதான், அலமாரிக்கு விரிப்பும் அதுதான், சுவரில் ஒட்டியிருந்த லட்சுமி படமும் அதுதான். அந்தத் தாள்களை ஏன் கழித்தார்கள் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் மூன்று வயதுத் தம்பி மாரிமுத்துவுக்கு அம்மை போட்டது. இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு கண்ணைத் திறக்கவே இல்லை. அம்மா வேப்பிலையால் வீசிக்கொண்டே எதிர்ச்சுவரைப் பார்த்து, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

“ஆத்தா, எம் புள்ள கண்ணத் தெறந்து பாத்துட்டாம்னா, அந்தா செவுத்துல இருக்கு பாரு, அந்தப் பூவக் கொண்டாந்து ஒனக்கு வைக்கேன்.”

மூன்றாம் நாள் தம்பி கண்ணைத் திறந்தான். ஆனால் இடது கண்ணில் நீர் வடிவது மட்டும், சொட்டு மருந்து போட்டும் நிற்கவில்லை. பூ போய்ச் சேர்ந்தால்தான் அது நிற்கும் என்று அம்மா உறுதியாக நம்பினாள். மற்றவர்கள் கண்ணுக்கு நேர்ந்தால் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவார்கள். இவள் நேர்ந்ததோ லட்சுமி உட்கார்ந்திருந்த பூவை. ஆடி மாதத்தில் எங்கள் கரிசக்காட்டில் தாமரைக்கு எங்கே போவது? கண்மாயெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டில் பெண்டு பிள்ளைகள் யாருமே தாமரையை நேரில் பார்த்ததில்லை.

“நாமளே செஞ்சிருவோம்லே” என்றாள் அக்கா. அவளோடு படித்த ஜைத்தூன், வளையல் கடை ராவுத்தர் வீட்டுப் பெண், பாசியில் செய்த மல்லிகைக் கொத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, பிரித்துப் பார்த்தே நாங்கள் வித்தையைப் பிடித்துவிட்டோம். புத்தகம் தைக்கிற கம்பியின் கடைசிச் சுருள் அப்பாவிடம் இருந்தது. பாசி ஜைத்தூன் கொடுத்தது.

நடுவில் ஈர்க்குப் போல ஒரு கம்பியை நிறுத்தி, பாசி கோத்த கம்பியை அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒவ்வொரு சுற்றுச் சுற்றி, இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகப் படரவிட்டால் இதழ் வந்துவிடும். அக்கா கோப்பாள், நான் வளைப்பேன். அடியில் வெள்ளை, நடுவில் இளஞ்சிவப்பு, நுனியில் நல்ல சிவப்பு என்று படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். படத்தில் ஒவ்வொரு இதழுக்கும் வலது ஓரத்தில் மட்டும் ஒரு நீலக்கோடு இருந்தது.

“வலப்பக்கம் மட்டும் ஏன்லே நீலம்?” என்றாள் அக்கா.

“இடப்பக்கம் வெயில்ல வெளுத்திருக்கும்” என்றேன்.

அவள் இன்னும் உற்றுப் பார்த்தாள். “லட்சுமி கையிலயும் நீலம் ஓடுது. மூக்குலயும் ஓடுது.”

“சாமின்னா அப்படித்தான் இருக்கும். நீ கோரு.”

நீலப் பாசியையும் விடாமல் கோத்தோம். பதினாறு இதழையும் சேர்த்துக் கட்டி நிறுத்தியபோது, படத்திலிருந்து பறித்து வைத்ததுபோலவே இருந்தது. இன்றுவரை என் கையால் அதைவிட நல்ல வேலை ஒன்றை நான் செய்யவில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி, இருக்கன்குடிக்குப் புறப்பட வேண்டும். வியாழன் சாயங்காலம் வேலை விட்டு வந்த அப்பா பூவைக் கையில் எடுத்தார், திருப்பினார், சிரிக்கத் தொடங்கினார்.

“ஏலே, இது தாமரை இல்லலே. எங்க கம்பெனி வேஸ்ட்டு.”

பிறகுதான் விளக்கினார். படத்துக்கு மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு தடவை தாளை மிஷினில் விடுவார்களாம். ஒரு தடவை நூலளவு தாள் நகர்ந்தாலும் அந்த வண்ணம் தள்ளிப்போய் விழுமாம். எங்கள் லட்சுமிக்கு நீலம் விலகிவிட்டது, அதனால்தான் கழித்திருக்கிறார்கள்.

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. இல்லாத பூவை ஆத்தாளுக்கு எப்படி வைப்பது என்று அவளுக்குப் பயம். நீலத்தை நீக்கிவிடலாம் என்று, கம்பி வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்தேன். வளைந்த கம்பியை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடும். அதனால் பாசியை நொறுக்கித்தான் எடுக்க வேண்டும். முதல் இதழில் நீலம் முழுவதையும் நொறுக்கினேன். ஓரத்தில் வெறுங்கம்பி பல் போன ஈறு போலத் தெரிந்தது. இரண்டாவது இதழில் குறட்டை வைத்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“விடுலே. நான் தாமரைன்னா நேந்தேன்? அந்தா இருக்கே அந்தப் பூவுன்னுதான நேந்தேன்?”

“அது மிஷின் செஞ்ச தப்பு” என்றார் அப்பா.

“இருந்துட்டுப் போவுது. தாமரை கெடைச்சிருந்தாத்தான் நேந்தது தப்பிப் போயிருக்கும். இவுக ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சிருக்காக.”

 அப்பா என்னிடமிருந்து குறட்டை வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

மறுநாள் ஆற்று மணலில் நின்ற வரிசையில் எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்தாள். “பூவுக்குக் கரையெல்லாம் போட்டுக் கொண்டாந்திருக்கீகளே, முந்தானை எங்க?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா திரும்பவே இல்லை. பூசாரி பூவை வாங்கி, வெறுங்கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது என்ன பூ தாயி?” என்றார்.

“எங்க வீட்டுச் செவுத்துல பூத்ததுய்யா.”

அவர் அதை அம்மன் காலடியில் வைத்தார். தீர்த்தத்தால் தம்பியின் கண்ணைத் துடைத்துவிட்டார். பத்து நாளில் நீர் வடிவது நின்றது. மருந்தா, தீர்த்தமா, பூவா என்று நான் யாரோடும் வாதாடுவதில்லை. அம்மா அன்று திரும்பி வரும்போது வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாணமான பிறகுதான் நிஜத் தாமரையைக் கையில் பிடித்தேன். முதல் வேலையாக வலது ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

இப்போது சிவகாசியில் நாலு வண்ணமும் ஒரே ஓட்டத்தில் விழுகிற மிஷின்கள் வந்துவிட்டன. கழித்த தாளில் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பிள்ளையும் இல்லை, சுவரில் விலகிய லட்சுமியும் இல்லை. எப்போதாவது ஒரு தாள் விலகினாலும் அது கம்பெனி வாசலைத் தாண்டாது. அங்கே கையில் பூதக்கண்ணாடியோடு கலர் பார்க்கிறவன் எங்கள் மாரிமுத்து. நூலில் பாதி அளவு நீலம் நகர்ந்தால்கூட அந்த இடது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.