ரதோய்கா டீச்சரின் பொறிக் கேள்விகள்

ரதோய்கா டீச்சர் லேசில் யாரையும் நம்பமாட்டாள். சந்தையில் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். இவள் தட்டும்போது விற்கிறவன் முகத்தையும் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயத்தை ஆசையாகக் கொண்டுவந்தால், ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துவிட்டு, "சர்க்கரை போட்டிருக்கீங்க போல" என்பாள். "காலைல சூரியன் வந்தாக்கூட இவ வெளிய போய்ச் சரிபார்த்துட்டுதான் ஜன்னலத் திறப்பா" என்று அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூன்றாம் வகுப்பு. சந்தேகத்துக்கு அவளிடம் நியாயமும் உண்டு. லெக்திரா என்று எங்கள் பிள்ளைகள் பெருமூச்சு விட்டுச் சொல்லும் கட்டாயக் கதைப்புத்தகத்தை எத்தனை பேர் நிஜமாக வாசிக்கிறார்கள்? இணையத்தில் சுருக்கம் கிடைக்கிறது. அம்மாக்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு வருடம் பாதி வகுப்பு, கதையில் இல்லவே இல்லாத ஒரு கடற்கொள்ளைக்காரனைப் பற்றி உருக்கமாக எழுதிக் கொண்டுவந்தது. யாரோ வேறு புத்தகத்தின் சுருக்கத்தை அந்தப் பெயரில் போட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவள் பொறி வைக்க ஆரம்பித்தாள்.

நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள், அதில் குறை சொல்ல முடியாது. அந்த இலையுதிர் காலத்துக்கு எடுத்த நாவல், நான்கு பிள்ளைகள் ஒரு கிழட்டுக் கழுதையைத் திருடிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற கதை. தினம் ஒரு அத்தியாயத்தை வீட்டில் வாசித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் ஆளுக்கொரு பத்தி சத்தமாக வாசிக்க வேண்டும். சுவாரசியமான இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லி, "இனிமே என்ன ஆகும்? ஏன் அப்படி நெனைக்கிற?" என்று கேட்பாள். தெரியாத சொல் வந்தால் அகராதியைத் தொட விடமாட்டாள். முன்னே பின்னே வாசித்து அர்த்தத்தைப் பிடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டி வாசித்த பிள்ளைகள் அவளிடம் சரளமாக வாசித்தார்கள்.

நடுநடுவே பொறி வரும். "கழுதைக்குப் பேர் வெச்சது யாரு?" என்று அப்பாவிபோலக் கேட்பாள். கழுதைக்குப் பேரே கிடையாது. வாசிக்காதவன் ஏதாவதொரு பேரைச் சொல்லி மாட்டிக்கொள்வான்.

வகுப்பில் வாசிப்பதற்கென்று ஒரே பதிப்பில் ஒரு கட்டுப் புத்தகம் இருந்தது. வீட்டுக்கு ஒன்றுகூட போகாது. கொடுத்தால் திரும்பி வராது என்பது அவள் தீர்மானம். மணி அடித்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். வீட்டில் வாசிக்க அவரவர் சொந்தமாகத் தேடிக்கொள்ள வேண்டும்.

செப்டம்பரில் தேயானா வந்து சேர்ந்தாள். இடுப்பு எலும்பில் கோளாறு. இரண்டாம் வகுப்பின் பின்பாதி முழுக்க பெல்கிரேட் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவள். பழைய பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் போட்டு மேலே ஏற்றிவிட்டிருந்தது.

"பாவம் பார்த்துப் போட்ட மார்க்கு" என்றாள் ரதோய்கா.

"இருக்கலாம்" என்றாள் தலைமையாசிரியை விதோசாவா. "கொஞ்ச நாள் கவனிச்சுப் பாரு. வாசிக்க முடியலன்னா ரெண்டாம் வகுப்புக்கே அனுப்பிடலாம். விடுமுறைக்கு முன்னாடி சொல்லு. உன் வார்த்தைதான் முடிவு."

கவனிப்பதற்கு ரதோய்காவுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

பாடப்புத்தகத்தை அந்தப் பெண் தண்ணீர்பட்ட பாடாக வாசித்தாள். வீட்டில் உருப்போட வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர். கழுதை நாவல் தொடங்கியதும் பொறிகளை வரிசையாக வைத்தாள். தேயானா ஒன்றிலும் விழவில்லை.

"கழுதைக்குப் பேரே இல்ல டீச்சர். பேர் வெச்சா திருப்பிக் குடுக்க மனசு வராதுன்னுதான் அவங்க வெக்கல."

இதைப் புத்தகத்தில் எங்கும் அப்படி நேராகச் சொல்லியிருக்கவில்லை. வரிகளுக்கு நடுவே பிடித்திருந்தாள். வேறு டீச்சராக இருந்தால் அணைத்துக்கொண்டிருப்பார்கள். ரதோய்காவுக்கோ சந்தேகம் இரட்டிப்பானது. ஒன்பது வயசுக்கு இது வருமா? அப்பன்காரன் வாசித்துச் சொல்லி, அர்த்தமும் சொல்லி அனுப்புகிறான்.

புதன்கிழமை அவளை எழுப்பி, வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். "ஆறாவது அத்தியாயம். முதல் பத்தி."

தேயானா பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காது சிவந்தது. பிறகு மெல்ல ஆரம்பித்தாள். ரதோய்கா தன் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். கதை சரி. வார்த்தைகள் சரியில்லை. "பாலத்தடியில்" என்று இருந்த இடத்தில் "பாலத்துக்குக் கீழே" என்றாள். ஒரு வாக்கியத்தை முழுசாக விழுங்கினாள். பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடம் வந்தும் திருப்பவில்லை.

டீச்சருக்கு மனசுக்குள் ஒரு குதூகலம். அகப்பட்டாள்!

"நீ வாசிக்கலடி. ஒப்பிக்கிற. கிளிப்பிள்ள மாதிரி."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்று மதியத்துக்குள் கிளிப்பிள்ளை என்பது பேராகவே ஒட்டிக்கொண்டது. ஊன்றுகோலோடு அவள் முற்றத்தில் போகும்போது பையன்கள் கிளிபோலக் கத்தினார்கள். ரதோய்காவின் காதிலும் அது விழுந்தது. அதட்டவில்லை. பொய் சொன்னால் கொஞ்சம் வலிக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தேயானாவோடு அவள் அப்பாவையும் தலைமையாசிரியை அறைக்கு வரச் சொன்னார்கள். நெபோய்ஷா, பஸ் ஓட்டுபவர். ஒரு வீட்டுக்குப் போகும்போது எங்கள் ஊரில் செய்வதுபோல ஒரு பொட்டலம் காபித்தூளோடு வந்தார். ரதோய்கா அதை லஞ்சம் என்று முடிவுகட்டி, மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளினாள்.

"உங்க பொண்ணுக்கு வாசிக்கத் தெரியல. நீங்க வாசிச்சுக் காட்டி மனப்பாடம் பண்ண வெக்கிறீங்க."

"நானா? நல்லாச் சொன்னீங்க டீச்சர்! பஸ்ஸ நிறுத்திட்டு வீட்டுக்கு வந்தா சோத்துத் தட்டுலயே தூங்கி விழறேன். அவதான் எனக்கு வாசிச்சுக் காட்டறா. கழுத ஆத்துல எறங்கின எடத்துல ரெண்டு பேரும் அழுதோம்." மேல்கோட்டிலிருந்து ஒரு பழைய பிரதியை எடுத்து மேசையில் போட்டார். "இந்தாங்க, பழைய புத்தகக் கடைல தேடி வாங்கினது."

ரதோய்கா அதை வாங்கிப் புரட்டினாள். கண்டபடி ஒரு பக்கத்தைத் திறந்து, "வாசி" என்றாள். தேயானா கடகடவென்று வாசித்தாள். இன்னொரு பக்கம். அதையும் வாசித்தாள். உடனே டீச்சர் வகுப்புப் பிரதியை நீட்டினாள். தேயானா வாயைத் திறக்கவில்லை.

"பாத்தியா விதோசாவா! அவங்க புத்தகம்னா வாசிக்கிறா. என் புத்தகம்னா ஊமையாயிடறா. முழுசையும் உருப்போட்டிருக்கா!"

"நூத்தம்பது பக்கத்தையா?" நெபோய்ஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க புத்தகத்துல வேற கதை இருக்கோ என்னமோ!"

அதையும் பார்த்துவிடுவோம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவர் ஒரு வரி வாசித்தார். டீச்சர் தன்னுடையதில் அடுத்த வரி வாசித்தாள். விதோசாவாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து இரண்டிலும் மாறிமாறி வாசித்தாள். ஒரு சொல் பிசகவில்லை.

"ஒரே புத்தகம்தான்" என்றார்கள் மூன்று பேரும்.

"ஒண்ணு இல்ல." தேயானா அழுதுகொண்டிருந்தாள். அப்பாவின் புத்தகத்தில் விரலை வைத்தாள். "இந்த எழுத்து எனக்குத் தெரியும்." மற்றதில் வைத்தாள். "இது தெரியாது. இது நடத்தும்போது நான் ஆஸ்பத்திரில இருந்தேன்."

மூன்று பெரியவர்களும் அப்போதுதான் பார்த்தார்கள். அப்பாவின் பிரதி, ரஷ்யர்கள் எழுதுவது மாதிரியான சிரிலிக் எழுத்தில் இருந்தது. அலமாரிக் கட்டு முழுக்க, ஆங்கிலத்துக்கு இருப்பது மாதிரியான லத்தீன் எழுத்து. எங்கள் மொழிக்கு இரண்டும் உண்டு. முதல் வகுப்பில் சிரிலிக், இரண்டாம் வகுப்பின் பின்பாதியில் லத்தீன். படித்து முடித்தவர்களுக்கு வலதுகால் இடதுகால் போலத்தான். செய்தித்தாளை மடித்துவைத்தவனிடம் எந்த எழுத்தில் வாசித்தாய் என்று கேட்டால் விழிப்பான். ஒரு வரி அதில், ஒரு வரி இதில் என்று சத்தம் போட்டு வாசித்தும் மூவரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

ரதோய்காவுக்கு முகம் எரிந்தது. ஏமாற்றையே தேடியவளுக்கு, அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் பட்டிருக்கவில்லை. தெரியாத எழுத்தைப் பார்த்து நின்ற அந்த நிமிஷத்தில், ஒன்பது வயசுக் குழந்தை தன் ஞாபகத்திலிருந்து ஒரு பத்தியையே கட்டியிருக்கிறது. அதற்குத்தான் கிளி என்று பேர் வைத்தாள்.

"ஏண்டி கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க" என்றாள் தேயானா. அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோலத்தான் சொன்னாள். "என்னை ரெண்டாம் வகுப்புக்கே அனுப்பிடுங்க டீச்சர். அங்க இத நடத்துவாங்க."

விதோசாவா ரதோய்காவைப் பார்த்தாள். அவள் வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள்.

"மூணாம் வகுப்புதான்" என்றாள் ரதோய்கா. "எங்கயும் போக வேண்டாம். திங்கக்கெழமையிலேருந்து வகுப்பு முடிஞ்சதும் நானே ஒக்காந்து சொல்லித்தரேன். ரெண்டே வாரத்துல வந்துடும். அந்தப் பசங்க முன்னாடி, தப்பு எம்மேலதான்னு நானே சொல்றேன். இந்த வகுப்புப் புத்தகத்தையும் நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

புத்தகத்தை நீட்டினாள். தேயானா கையை நீட்டவில்லை. புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் முகத்தை, சந்தையில் தர்பூசணிக்காரனைப் பார்க்கிறவர்கள் மாதிரி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இது நெஜமாத்தான் டீச்சர் சொல்றீங்களா, இல்ல இதுவும் பொறிக் கேள்வியா?"

"நெஜந்தான்" என்றாள் ரதோய்கா.

தேயானா நம்பவில்லை.