மகள் பிறந்த வருஷத்து ஒயின்

வெண்டலினுக்கு வாயும் கொஞ்சம் நீளம், அவசரமும் கொஞ்சம் அதிகம். ஜெர்மனியில் மோசல் ஆற்றுச் சரிவில் திராட்சை வளர்க்கிறவனுக்கு இரண்டுமே ஆகாது. அங்கே பாதித் தொழிலை வானம்தான் பார்க்கிறது. மனிதன் சும்மா இருக்கத் தெரிந்துகொண்டால் போதும். அது மட்டும் அவனுக்கு வராது.

மகள் லியோபா பிறந்த வருஷம் எல்லாம் கூடிவந்தது. வசந்தத்தில் உறைபனி கொடியைத் தொடவில்லை. பூத்த சமயத்தில் மழை இல்லை. கோடையில் நல்ல வெயில். செப்டம்பர் கடைசியில்தான் மழை பிடித்துக்கொண்டது. முந்தின வருஷம் இதே போல ஒரு மழையில் அவன் பழமெல்லாம் கொடியிலேயே அழுகியிருந்தது. அந்தப் பயத்தில் குலைகளை அறுக்கக் கத்தரியைத் தூக்கிவிட்டான்.

பக்கத்துச் சரிவு கூனோவுடையது. பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். அவன் வரப்புச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "ஏன்டா, இன்னும் பச்சையாத்தானே இருக்கு? கொஞ்சம் பொறு. கிழக்குக் காத்து திரும்பும்போல இருக்கு, மழை விட்டுடும்."

"திரும்பும், திரும்பும், உனக்குக் கடுதாசி போட்டுட்டுத் திரும்பும்! நீ வாயப் பொளந்து வானத்தப் பாத்துட்டு நில்லு. எனக்கு வேலை கிடக்கு."

கடைசிக் கூடை வீடு சேர்ந்த மறுநாளே மழை நின்றது. அக்டோபர் முழுக்கக் காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி, மதியத்துக்கு மேல் இதமான வெயில். காத்திருந்தவர்களின் பழம் தேன் நிறத்துக்கு வந்தது. 'அந்த வருஷம்' என்றால் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் அதுதான். வெளியூர்க்காரர்கள் அந்த வருஷத்து ஒயினைத் தேடி வந்தால், "தீந்துபோச்சு" என்பான் வெண்டலின். தீரவில்லை. பல்லைக் கூசவைக்கும் புளிப்போடு நிலவறை மூலையில் கிடந்தது.

அங்கே பிள்ளை பிறந்தால், அந்த வருஷத்தில் சொந்தத் தோட்டத்தில் விளைந்த ஒயினை எடுத்துவைப்பார்கள். கல்யாணத்தன்று அப்பன் தன் கையால் சம்பந்திக்கு ஊற்ற வேண்டும். மழை வருஷத்தில் பிறந்தவர்களைப் பார்த்து ஊர் உச்சுக்கொட்டும். லியோபா கேட்டு வளர்ந்ததோ வேறு: "உனக்கென்னடி, அந்த வருஷத்துப் பொண்ணு!"

"எப்படிப்பா இருக்கும்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "கல்யாணத்தன்னிக்குத் தெரியும்" என்று தள்ளிப்போட்டான்.

தள்ளிப்போட்ட நாள் வந்தே விட்டது. அந்த வாரம் ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்தான். காலம் புளிப்பைக் கொஞ்சமாவது தணித்திருக்கும் என்று ஒரு நப்பாசை. இருந்த கொஞ்சம் பழ வாசனை போய்ப் புளிப்பு மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்திலேயே, ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்ற முறையில் கூனோ லியோபாவுக்குக் கொடுத்த ஒரு பெட்டி. அதே வருஷம், கூனோவின் சரிவு.

வெந்நீரில் ஊறவைத்துக் கூனோவின் லேபிள்களை உரித்தான். தன் பெயர் போட்டதை ஒட்டினான். செய்வது திருட்டு என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. கூனோவுக்கும் வயசாகிவிட்டது, நாக்கு மரத்திருக்கும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டான். மனைவியின் பிறந்தநாளை மறக்கிற ஆள்கூட அந்த ஊரில் தான் செய்த ஒயினை மறக்கமாட்டான்.

கல்யாண விருந்தில் சம்பந்தி ஒரு மடக்குக் குடித்துவிட்டு அடுத்த மடக்குக்கு அவசரப்பட்டார். லியோபா கண் கலங்கி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இதப் போயா இத்தனை வருஷம் ஒளிச்சு வெச்சீங்க? நீங்க தங்கம்ப்பா!"

தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது வெண்டலினுக்கு.

கூனோ ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்துவிட்டு லேபிளைப் பார்த்தான். அப்புறம் வெண்டலினைப் பார்த்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"வெண்டலின் கைக்கு!" என்று கிளாஸைத் தூக்கினான் கூனோ. கூடம் முழுக்கக் குடித்தது. வெண்டலினும் குடித்தாக வேண்டியிருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

விருந்து கலையும்போது கூனோ பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "ஒரு பாட்டில் மிச்சம் இருந்தா எனக்குக் குடேன்டா. வித்தது போக இருந்த ஒரே பெட்டிய உன் பொண்ணுக்குக் குடுத்துட்டேன். அந்த ருசியே எனக்கு மறந்துடுமோன்னு இருந்தேன்."

"கூனோ, நான் வந்து..."

"கல்யாண வீட்ல அழுவாதே. புள்ள பாக்குது."

வெண்டலின் போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்தான், தன் பெயர் ஒட்டியதை. கூனோ அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, லியோபாவுக்குக் கேட்கும்படி, "ரொம்ப நன்றிடா" என்றான்.